கடைசி ஆளும் வந்து சேரும்வரை



உள்ளே வரும்போதே பார்த்திருப்பீர்கள். பீடத்தின் படியருகே ஒரு கயிற்றுச் சுருள் இருக்கிறது. அதில் சேறு இன்னும் முழுதாகப் போகவில்லை. கோயில்பிள்ளை அதை எடுத்து வைக்க வந்தபோது, இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். இன்று நமக்கு அந்தக் கயிறு வேண்டும்.

சென்ற வாரம் நம் இளையோர் பத்துப் பேரும் நானும் மட்டாஞ்சேரியிலிருந்து மூணாறுக்குச் சைக்கிளில் போனோம். எல்லாரும் பத்திரமாகத் திரும்பியதற்கு இன்று நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். முதல் நாள் தார்ச்சாலை. நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டி, நனைந்தபடியே அடிமாலி வரை ஏறினோம். மறுநாள் மாங்குளம் பக்கம் திரும்பி, தாரை விட்டு எஸ்டேட் மண்பாதைகளில் இறங்கினோம். எடவப்பாதி மழை எங்களோடு கூடவே வந்தது.

ஒரு காலத்தில் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் போன பழைய பாதை அந்த மாங்குளம் பக்கமாகத்தான் ஓடியது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை உடைத்துப் போட்டது. அது மலையாள ஆண்டு 1099. இங்குள்ள பெரியவர்கள் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் நேரியமங்கலம் வழியாகப் புதுப் பாதை வந்தது. 1935-இல் பெரியாற்றின் மேல் பாலம் திறந்தார்கள். மழை ஒரு சாலையையே தின்ற மலை அது. அங்கே போகிறவன் மழைக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

சேற்றில் மணலோடு உரசி பிரேக் கட்டை ஒரே நாளில் தேய்கிறது. செயினில் மண் ஏறிவிட்டால் ஒவ்வொரு மிதியும் அரைக்கிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் பிடிமானம் கிடைக்கிறது. காலில் அட்டை ஏறியது தெரிவதில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் உப்பைத் தேடுகிறோம். இதையெல்லாம் இளையோர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

மலைப்பாதை ஓரிடத்தில் ஓடையைக் கடக்கிறது. முன்னால் போனவர்கள் அங்கே நின்று ஆளை எண்ணியிருக்கிறார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். பத்தாவது ஆளாகிய நான் வெகு தூரம் பின்னால் இருந்தேன். எனக்குப் பின்னால் பதினோராவதாக ஒரு தங்கை மட்டும் வந்துகொண்டிருந்தாள். கூட்டத்தின் கடைசியில் வந்து, பின்தங்கியவரைக் கவனிக்கிற ஆளைச் சவாரிக்காரர்கள் 'ஸ்வீப்' என்பார்கள். அன்று அந்தப் பொறுப்பு அவளுடையது. என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக மிதிக்கக்கூடியவள். "நீ முன்னால போம்மா" என்று மூன்று தடவை சொன்னேன். "நீங்க மிதிங்க ஃபாதர், நான் இருக்கேன்" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. எனக்கு முன்னால் ஒருமுறைகூட வரவும் இல்லை.

ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முடிந்தவர்கள் இப்போதே கடந்துவிடலாம், ஃபாதர் ஜீப்பில் சுற்றி வரட்டும் என்று ஒரு தம்பி சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பவனுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இன்னொருவன் சைக்கிளைப் பாதையோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். "ஆள் முழுசா வரட்டும்" என்றானாம். நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது பேரும் கொட்டுகிற மழையில் காத்திருந்தார்கள். தண்ணீர் இறங்காவிட்டால் எல்லாரும் சேர்ந்தே திரும்பிவிடுவது என்று முடிவும் செய்திருந்தார்கள். நெடுநேரம் கழித்து மழை தணிந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. இக்கரை மரத்துக்கும் அக்கரை மரத்துக்கும் இந்தக் கயிற்றைக் கட்டினார்கள். ஆளுக்கொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம்.

அன்புக்குரியவர்களே, அந்த ஓடைக்கரையை நினைத்துத்தான் இன்று திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். பவுல் கைதியாக உரோமைக்குப் போகிறார். கப்பலில் 276 பேர். படைவீரர், மாலுமிகள், கைதிகள் என்று ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாத கூட்டம். குளிர்காலம் நெருங்குகிறது, இப்போது புறப்பட வேண்டாம் என்று பவுல் எச்சரிக்கிறார். யாரும் கேட்கவில்லை. வடகிழக்குப் புயல் பிடித்துக்கொள்கிறது. பல நாள்கள் சூரியனும் இல்லை, விண்மீன்களும் இல்லை. பதினான்காம் இரவு வரை அலைக்கழிப்பு.

அந்த அதிகாரத்தில் இரண்டு கயிறுகள் வருகின்றன. கவனித்தீர்களா?

முதலாவது, கட்டுகிற கயிறு. அலையில் கப்பலின் பலகைகள் பிரிந்துவிடுமோ என்று பயந்து, மாலுமிகள் வடக்கயிறுகளை அடியில் செலுத்திக் கப்பலையே சுற்றிக் கட்டுகிறார்கள். புயல் முதலில் பார்ப்பது பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கைத்தான். நம் குடும்பங்களிலும் அப்படித்தான். கடன் வந்த வீட்டில் கடனைவிடக் கணவன் மனைவி சண்டை பெரிதாகிறது. நோய் வந்த வீட்டில், மருத்துவச் செலவு யார் பங்கு என்று அண்ணன் தம்பி பேச்சை நிறுத்துகிறார்கள். புயலை நிறுத்த நம்மால் முடியாது. பலகையைக் கட்ட முடியும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும், ஒன்றாகச் செபமாலை சொல்வதும், பேச்சு நின்ற இடத்தில் முதல் வார்த்தையை நாமே பேசுவதும் அந்தக் கயிறுதான்.

இரண்டாவது, அறுக்கப்பட்ட கயிறு. கரை நெருங்குவது தெரிந்ததும் மாலுமிகள் சிலர் நங்கூரம் இறக்குவதுபோலப் பாசாங்கு செய்து, சிறு படகைக் கடலில் இறக்குகிறார்கள். கடல் தெரிந்தவர்கள் அவர்கள். தங்களை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் யாரும் பிழைக்க முடியாது என்று பவுல் நூற்றுவர் தலைவரிடம் சொல்கிறார். உடனே வீரர்கள் படகின் கயிற்றை வெட்டிவிடுகிறார்கள். படகு போய்விட்டது. இனி தப்புவதென்றால் எல்லாரும் சேர்ந்துதான் தப்ப வேண்டும்.

திறமை உள்ளவனுக்குத்தான் சிறு படகு கண்ணில் படும். வேகமாக மிதிக்கிறவனுக்குத்தான் முன்னால் போய்விடலாம் என்று தோன்றும். வேகம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்ட ஒரு மனிதரைச் சொல்கிறேன். ஜீனோ பார்தாலி, இத்தாலியர், கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பொதுநிலையினர். டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1938-இலும், பத்து ஆண்டு கழித்து 1948-இலும் வென்றவர். நடுவில் வந்தது உலகப்போர். 1943, 44-இல் நாத்சிகள் யூதர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்குப் போவதுபோல ஃபிளாரன்ஸுக்கும் அசிசிக்கும் இடையே சைக்கிள் மிதித்தார். சைக்கிளின் குழாய்க்குள் யூதர்களைக் காப்பாற்றும் போலி அடையாளத் தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஃபிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா கேட்டுக்கொண்டதால் அவர் ஏற்ற பணி அது. உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி வெளியே பெரிதாகப் பேசவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2013-இல்தான் இஸ்ரயேலின் யாத் வஷேம் நினைவகம் அவரைப் போற்றியது. 1568-இல் கட்டிய யூதர்களின் செபக்கூடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வாழ்கிற மட்டாஞ்சேரிக்காரர்கள் நாம். துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு இடம் கொடுத்த மண் இது. வலுவுள்ள கால்கள் ஓட முடியாதவருக்காக என்பது நமக்குப் புரிய வேண்டும்.

மூன்றாவது கயிறு இந்த மண்ணிலேயே இருக்கிறது. அதுதான் பற்றுகிற கயிறு. 1653 ஜனவரி 3 அன்று, இதே மட்டாஞ்சேரியில், தோமையார் வழிவந்த கிறிஸ்தவர்கள் திரண்டு உறுதிமொழி எடுத்தார்கள். கூனன் குரிசுச் சத்தியம் என்பது அதுதான். அது திருஅவையில் பிளவு உண்டாக்கிய நாள். அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அந்த நாளைப் பற்றி மரபு சொல்லும் ஒரு காட்சி மட்டும் என் மனதில் நிற்கிறது. கூட்டம் பெரிது, கற்சிலுவை ஒன்று. எல்லாரும் அதைத் தொட முடியவில்லை. ஆகவே சிலுவையில் கயிறுகளைக் கட்டி நாலாபக்கமும் நீட்டினார்கள். எட்டாதவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிலுவைக்கு அருகில் நிற்பவர்கள் நாம். ஞாயிறுதோறும் வருகிறோம், பாடுகிறோம், நற்கருணை வாங்குகிறோம். தூரத்தில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிலுவை எட்டவில்லை. அவர்கள் கைக்கு எட்டுகிற கயிறு நீங்கள்தான்.

வல்லார்பாடத்து அன்னையிடம் போகாத வீடு நம்மில் உண்டா? 1752-இல் மீனாட்சியம்மா என்ற இந்துப் பெண்மணி கைக்குழந்தையோடு இந்த மட்டாஞ்சேரிக்குத்தான் படகில் வந்துகொண்டிருந்தார். காற்றில் படகு கவிழ்ந்தது. மூன்று நாள் ஆயிற்று. ஊர் கைவிட்டுவிட்டது. வல்லார்பாடம் பங்குக் குரு கனவில் உணர்த்தப்பட்டு, மீனவர்களை வலை வீசச் சொன்னார். தாயும் பிள்ளையும் உயிரோடு கிடைத்தார்கள் என்பது அந்தத் திருத்தலத்தின் மரபு. அந்த மூன்றாம் நாளில் வலையை எடுத்துக்கொண்டு புறப்பட்ட மீனவர்களை நினைத்துப் பாருங்கள். முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொன்ன பிறகு போனவர்கள் அவர்கள்.

பவுலின் கப்பல் கடைசியில் உடைந்தது. சரக்கு போயிற்று, பாய்மரம் போயிற்று. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். தெரியாதவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு வந்தார்கள். 276 பேரும் கரை சேர்ந்தார்கள். மால்ட்டா தீவின் மக்கள், மழையையும் குளிரையும் பார்த்து, முன்பின் தெரியாத அவர்களுக்குத் தீ மூட்டிக் கொடுத்தார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு தீ கிடைத்தது. ஓடையைக் கடந்து ஏறிய பிறகு, ஒரு எஸ்டேட் லயன் வீட்டில் தமிழ்க் குடும்பம் ஒன்று எங்களை அடுப்பங்கரைக்கே அழைத்து உட்காரவைத்தது. பதினோரு பேருக்கும் கட்டன் சாயா. அந்த வீட்டு அம்மா சொன்னார்: "மழை சத்தம் மாறினா ராத்திரி தூக்கம் வராது சாமி." எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இரண்டு நாள் விரும்பித் தேடிப் போன மழை அது. அவர்கள் அதற்குள்ளேயே வாழ்கிறார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 70 பேர் மாண்டார்கள். தலைமுறைகளுக்கு முன்னால் தேயிலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம். தொடர்புகள் அறுந்துகிடந்ததால் மறுநாள் காலையில்தான் சேதி வெளியே வந்தது. வாரக்கணக்கில் தேடினார்கள். ஒரு நாய், தன் வீட்டுக் குழந்தையைத் தேடி அங்குள்ள ஆற்றோரமே அலைந்து, எட்டாம் நாள் அந்தச் சின்ன உடல் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. வாயில்லாத உயிருக்குத் தெரிந்திருக்கிறது, ஒருவரைக் காணாதவரை தேடல் முடியவில்லை என்று. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயரை ஆண்டவர் நமக்குக் காட்டியதும் இதற்காகத்தான்.

இளையோரே, மூணாறு போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று உங்களைப் பாராட்டுகிறார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் உங்கள் பயணம் நிறைவேறியது மூணாறில் அல்ல. அந்த ஓடைக்கரையில், "ஆள் முழுசா வரட்டும்" என்று நீங்கள் உட்கார்ந்தீர்களே, அங்கேயே நிறைவேறிவிட்டது. அதற்குப் பிறகு தண்ணீர் இறங்காமல் திரும்பி வந்திருந்தாலும், பதினோரு பேரும் சேர்ந்து திரும்பியிருந்தால், இதே நன்றித் திருப்பலியை இதே மகிழ்ச்சியோடு ஒப்புக்கொடுத்திருப்பேன். காத்திருக்கப்பட்டவன் நான். கொட்டுகிற மழையில் தன்னை விட்டுவிட்டுப் போகாத ஒன்பது முகங்களைப் பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். திருஅவை என்றால் என்ன என்று பல ஆண்டுகள் படித்தேன். அன்று அந்தக் கரையில் அதைப் பார்த்தேன்.

பெரியவர்களே, இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஆளை எண்ணிப் பாருங்கள். குடியில் விழுந்த தம்பியை எண்ணிக்கையில் சேர்த்தீர்களா? கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பூசைக்கு வராமல் இருக்கிற மகளைச் சேர்த்தீர்களா? பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை தூக்கி முதுகு போய், மாடி அறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவரைச் சேர்த்தீர்களா? பக்கத்து அறையில் காய்ச்சலோடு தனியாக இருக்கிற வடநாட்டுப் பையனைச் சேர்த்தீர்களா? நாம் ஓடையைக் கடந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் இன்னும் மலையடிவாரத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கயிறு அடுத்த ஞாயிறு வரை பீடத்தருகிலேயே இருக்கும். அதற்குள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போங்கள். போதனை எதுவும் செய்ய வேண்டாம். கொஞ்ச நேரம் கூட இருங்கள். அந்தத் தங்கை என்னிடம் சொன்னதுபோல அவர்களிடம் சொல்லுங்கள்: "நீங்க மெதுவா வாங்க, நான் இருக்கேன்." அடுத்த ஞாயிறு அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆள் முழுசாக வரட்டும். நான் வாசலில் காத்திருப்பேன். ஆமென்.