அநீதி என்னும் சொல்

அநீதி என்பது வடசொல். அதன் தாதுவுக்கு நடத்துதல், வழிகாட்டி அழைத்துச் செல்லுதல் என்பது பொருள். அக்ரமம் என்பதிலும் அடிவைத்தலைச் சொல்லும் தாதுவே உள்ளது. நம் ஸம்ப்ரதாயத்தில் பெரிதும் அஞ்சப்படும் அபசாரம் என்ற சொல்லும் வழி விலகி நடத்தலையே காட்டும். தமிழில் கொடுமைக்கு வளைவு என்பதே அடிப்பொருள். கொடுங்கோல் என்கையில் அது தெளிவு. ஆக, இச்சொற்களிலெல்லாம் நேரான ஒரு வழியும், அதைவிட்டு விலகுதலும் தொக்கி நிற்கின்றன.

அப்படியானால், வழி தப்பாமல் நடப்பவரிடத்தில் அநீதி உண்டாகாதோ?

திருப்பாணாழ்வார் வைபவத்தை நினைப்போம். லோகஸாரங்க முனிவர் பெரிய பெருமாள் திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொண்டுவரக் காவேரிக்குச் சென்றார். செய்வது கைங்கர்யம்; செல்வதும் நேர்வழி. அங்கே பாணர் தம்மை மறந்து நின்றிருந்தார். விலகச் சொல்லியும் விலகாமையால் முனிவர் கல்லெறிந்தார். அக்காலத்து முறையிலிருந்து முனிவர் ஓரடியும் பிசகியதாக எவரும் சொல்லியிருக்கமாட்டார். பாணரும் சொல்லவில்லை! திருவரங்கத்தை மிதிக்கத் தாம் தகாதவர் என்றே அவர் எண்ணியிருந்தார். எறிந்தவரும் ஏறுண்டவரும் ஒரே முறைக்குக் கட்டுப்பட்டிருந்தனர். வளைந்திருந்தது வழியே. அதைக் கண்டவர் பெரிய பெருமாள் ஒருவரே.

அவர் முனிவரின் கனவில் தோன்றி, பாணரைத் தோளில் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வரும்படி நியமித்தருளினார். விலகு என்றவருடைய கால்களே பாணருக்குக் கால்களாயின. அதனால் வந்த முனிவாஹனர் என்னும் திருநாமத்தை நம் பெரியோர் மறைக்கவில்லை. வேதாந்த தேசிகன் தம் வ்யாக்யானத்துக்கு முநிவாஹநபோகம் என்றே பெயரிட்டார்.

அமலனாதிபிரானின் 10 பாசுரங்களில் அந்தக் கல்லைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் முதற்பாசுரத்திலேயே ‘நீதி’ என்ற சொல் வருகிறது. அதை வானத்துக்கு அடையாக்கி, முறை தப்பாத பரமபதம் என்று பொருள் கொள்வர். எந்த முறை? எல்லா ஆத்மாக்களும் அவனுக்கே சேஷம் என்னும் முறை. அங்கே ஒருவர் மற்றொருவரை விலகச் சொல்ல இடமில்லை.

அதே பாசுரத்தில், எம்பெருமான் தம்மை அடியார்க்கு ஆளாக்கினான் என்கிறார் ஆழ்வார். கல்லெறிந்தவரும் அவ்வடியாருள் ஒருவரன்றோ? ஆழ்வார் பொறுத்தமையால் எறிந்தது குற்றமாகாது என்பார் உளர். நாம் அதற்கு இசையோம். குற்றமில்லையாகில், பெரிய பெருமாள் முனிவரின் தோளைக் கேட்டிருக்கவேண்டியதில்லை.