கற்றுக்குட்டிக்கு இடம் எங்கே?

நம் பூங்காக்களின் வாசலில் தொங்கும் பலகைகளைப் படித்திருப்பீர்கள். பூப் பறிக்காதே, புல்லில் நடக்காதே, பந்து விளையாடாதே. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நியாயமான கட்டளைகள்தாம். சேர்த்துப் படித்தால், உள்ளே போகிறவன் மூச்சு விடலாம், அவ்வளவுதான் என்று அர்த்தமாகிறது.

அமெரிக்காவில் பொதுப் பூங்காக்களிலேயே ஆடும் ஓர் ஆட்டம் இருக்கிறது. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பந்துக்கும் மட்டைக்கும் பதில் ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தட்டை வீச வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடையில் சேர்த்தவன் கெட்டிக்காரன். எட் ஹெட்ரிக் என்பவர் 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கு முதல் நிரந்தர மைதானம் அமைத்தார். 2002-ல் அவர் காலமானபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்களாம். நாம் ஆற்றில் கரைக்கிறோம். அந்த மனிதருக்குப் பறப்பதில் ஆசை!

இந்த ஆட்டத்துக்கு வேலி வேண்டாம். பெரும்பாலான இடங்களில் கட்டணமும் இல்லை. புதியவர்களுக்கென்றே, மரங்கள் அதிகம் குறுக்கிடாமல், 60, 70 மீட்டர் தூரத்திலேயே கூடைகளை நட்ட மைதானங்கள் உண்டு. அதே புல்லில் குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் உலாவுகிறார்கள். தட்டு போகும் வழியில் யாராவது வந்தால், அவர் கடந்து போகும்வரை வீசக் கூடாது என்பது விதி. பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு நடுவர் கிடையாது. எண்ணிக்கையை அவரவரே எழுதிக்கொள்கிறார்கள்.

என்னை யோசிக்க வைத்தது அந்தப் புதியவன்தான். கைதேர்ந்தவனால் யாருக்கும் தொல்லை இல்லை. வலக்கைக்காரன் வழக்கமாக வீசும் தட்டு, வேகம் அடங்கும்போது இடப்பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியும், அதற்கேற்ப வீசுவான். கற்றுக்குட்டியின் தட்டு எங்கே போகும் என்பது அவனுக்கே தெரியாது. அவன் பிழையின் செலவை அக்கம்பக்கத்தார் ஏற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் எதற்காக ஏற்க வேண்டும்?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "ஏற்க வேண்டியதே இல்லை, சார்" என்றார் பளிச்சென்று. "வசதி இருந்தால் கிளப்பில் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும். இல்லையென்றால் சும்மா இருக்கட்டும்."

வெகு காலமாக நாம் நடத்தி வந்ததும் இதுதான். கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கருக்குள்ளேயே கோல்ஃப் ஆடினார்கள். மதிலுக்கு வெளியே நகரம் நெரிந்தது. 2024-ல் அரசு அந்தக் குத்தகையை ரத்துச் செய்தபோது, நிலம் யாருக்கு என்ற கேள்வி எல்லோர் வாயிலும் வந்தது. பிழை செய்யும் சுதந்திரம் யாருக்கு என்று கேட்டவர்கள் குறைவு.

"நீங்கள் சைக்கிள் எங்கே கற்றீர்கள்?" என்றேன் நண்பரிடம்.

அவர் சிரித்துவிட்டார். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில், ஆவடித் தெருவில், ஒரு கீரைக்காரியின் கூடை மீது விழுந்து கற்றவர் அவர். அந்த அம்மாள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாளாம். ஆனால் தெருவில் சைக்கிள் விடக் கூடாது என்று பலகை மாட்டச் சொல்லவில்லை. மறுநாள் அவர் வருவதைக் கண்டதும் கூடையை ஓரமாக நகர்த்திக்கொண்டாள். நம்மில் எத்தனை பேருக்கு இப்படி முன்பின் தெரியாதவர்கள் ஒதுங்கி வழி விட்டிருக்கிறார்கள்! அதற்கு நாம் யாருக்கும் காசு கொடுத்ததில்லை.

புறம்போக்கு என்ற சொல்லை நாம் வசவாக்கிவிட்டோம். வரிக்கணக்குக்குப் புறம்பே ஊருக்கென்று விட்ட நிலத்துக்குப் பெயர் அது. ஏரி, மேய்ச்சல் தரை, பாதை எல்லாம் அதில் அடக்கம். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் ஏரிகளைச் சுற்றி எழுந்த ஊர்கள். அங்கே கிட்டிப்புள் அடித்த பிள்ளைகளை, ஆடத் தெரியுமா என்று யாரும் வாசலில் நிறுத்திக் கேட்டதில்லை. இன்று ஏரிக்கும் கம்பி வேலி தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் ஏரியே காணாமல் போய்விடும். அந்த வேலியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆக்கிரமிக்க வருகிறவனைத் தடுக்கப் போட்ட வேலி, ஆட வந்த பையனையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது.

நண்பர் விடவில்லை. "சிவப்பு விளக்குக்கே நிற்காத ஊர் இது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவன் காத்திருப்பான்?"

இது வலுவான கேள்விதான். காத்திருக்க மனமில்லாதவனுக்குப் பொது இடத்தில் பிழை செய்யவும் உரிமை கிடையாது. கீரைக்காரி ஒதுங்கினால் இவனும் நிற்க வேண்டும். ஆனால் நிற்பதிலும் கற்றுக்குட்டிகள் உண்டல்லவா? வேலி போட்டு ஆடுகிறவனுக்குக் குறுக்கே யாரும் வருவதில்லை. அந்தப் பாடம் அவனுக்கு எங்கே கிடைக்கும்?

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-ல் திறந்த பூங்காவில்தான் நண்பர் தினமும் நடக்கிறார். அப்படி ஓர் இடத்தின் ஓரத்தில், மக்கள் கூட்டமில்லாத பக்கமாக, நான்கைந்து கூடைகள் நட்டால் என்ன என்றேன்.

வெகுநேரம் யோசித்தார்.

"நான் நடப்பது காலை ஆறு மணிக்கு. எனக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் போவேன். அது வரைக்கும் நிற்பானா?"

"நிற்பான்."

"அப்படியென்றால் ஒரு கூடை நட்டுப் பார்க்கட்டும்" என்றார்.