எந்த ஜாதி நாய் வாங்கலாம்?

நாய் வளர்க்க ஆசைப்படும் நண்பர்கள், நான் கோவில்பட்டிப் பக்கத்தில் பிறந்தவன் என்பதனாலும் அங்கே வீட்டுக்கு வீடு வேட்டை நாய் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதனாலும், எனக்கு இவ்விஷயத்தில் ஏதோ விசேஷ ஞானம் இருப்பதாக எண்ணிக்கொண்டு, எந்த ஜாதி நாய் வாங்கலாம் என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேட்கிறார்களே தவிர, பெரும்பாலும் முடிவு முன்பே செய்யப்பட்டுவிட்டது என்பதை அவர்கள் கைப்பேசியில் தயாராக வைத்திருக்கும் புகைப்படம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியது ஆலோசனை அன்று, ஆசீர்வாதம். ஒருவருக்கு நீலக் கண்ணின் மேல் மோகம். இன்னொருவருக்கு, தெருவில் கூட நடந்து வந்தால் நாலு பேர் ஒதுங்கி நிற்கவேண்டும் என்ற அபிலாஷை. நாம் எப்படித் தோன்ற விரும்புகிறோம் என்பதற்கான விடையைத்தான் நாய்க்குட்டியின் உருவத்தில் தேடுகிறோமோ என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது. அந்தக் குட்டியின் பாட்டனும் முப்பாட்டனும் என்ன வேலை பார்த்தார்கள் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆனால் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான். எங்கள் கரிசல் சீமையின் கன்னி நாயையும் சிப்பிப்பாறை நாயையும் எடுத்துக்கொள்வோம். ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் ஈர்க்குச்சிக் கால்களுமாக நிற்கும் இந்த நாய்கள் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டவை. மோப்பத்தைக் காட்டிலும் கண்ணையே நம்பி ஓடுபவை. வெட்டவெளியில் ஒரு முயல் எழுந்து பாய்ந்தால், அரை மைல் தூரம் ஓடிப்போன நாய்க்கு எஜமானன் பின்னாலிருந்து கூவி உத்தரவு கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. எங்கே திரும்புவது, எங்கே குறுக்கே விழுவது என்பதையெல்லாம் அதுவே அந்த க்ஷணத்தில் தீர்மானிக்க வேண்டும். உத்தரவுக்காகத் திரும்பிப் பார்த்து நின்ற நாய் முயலை விட்டது. முயலை விட்ட நாயிடம் குட்டி எடுக்க யாரும் விரும்பவில்லை. இப்படியாக, ஓடும் பொருளைக் கண்டவுடன் காது அடைத்துப்போகும் ஒரு சுபாவத்தை மனிதனே பிரயாசைப்பட்டு உண்டாக்கினான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் முயல் வேட்டை குற்றமாயிற்று. அது நியாயமான சட்டம் என்பதே என் அபிப்பிராயம். எனினும் நாயின் இரத்தத்துக்கு அந்தச் சட்டத்தை யாரும் படித்துக் காட்டவில்லை. சென்னையில் மூன்றாம் மாடிக் குடியிருப்பில் வளரும் சிப்பிப்பாறை, கீழே கார்களுக்கிடையில் பூனை ஒன்று ஓடக் கண்டு, கயிற்றையும் கயிற்றைப் பிடித்த கிரகஸ்தரின் தோள்மூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாயும்போது, சொன்ன பேச்சைக் கேட்காத முரட்டு ஜந்து என்று அதற்குப் பட்டம் கிடைக்கிறது. அதன் பாட்டனை ஊரே மெச்சியதும் இதே காரியத்துக்காகத்தான்.

வெளிநாட்டு நாய்களின் கதையும் வேறன்று. ஜெர்மனியில் துரிங்கியாப் பகுதியைச் சேர்ந்த அபோல்டா என்னும் ஊரில் லூயிஸ் டோபர்மேன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரி வசூலிக்கும் உத்தியோகம் பார்த்தார். வரி வசூலிப்பவனை எந்த ஊரும் மாலையிட்டு வரவேற்பதில்லையாகையால், தமக்குத் துணையாக வரக்கூடிய, அந்நியரைக் கண்டால் சந்தேகிக்கிற ஒரு நாயை அவர் உருவாக்கினார். அவர் பெயரையே தாங்கிய அந்த நாயை வாங்கி வந்துவிட்டு, பால்காரரை வாசலுக்குள் விடமாட்டேன் என்கிறதே என்று அங்கலாய்ப்பதில் பிரயோஜனம் இல்லை. சைபீரிய ஹஸ்கியோ, பனிப்பரப்பில் நாள் முழுவதும் வண்டி இழுத்தவற்றின் சந்ததி. 1925ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் தூரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடந்து மருந்தைக் கொண்டுசேர்த்த நாய்க்கூட்டங்களில் இந்த இனம் பெயர் பெற்றது. பனிப்பாளம் தாங்காது என்று உணர்ந்தால் ஓட்டுபவனின் கட்டளையையே மீறி நின்றுவிடும் நாய்தான் அங்கே தலைநாயாக மதிக்கப்படும். அதைக் கொண்டுவந்து நம் சித்திரை வெயிலில் குளிர்சாதன அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, அது சோபாவைக் கிழிக்கிறது என்று சொல்பவர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு. சோபாவிடம் கொஞ்சம் உண்டு.

ராஜபாளையம் நாயைப் பற்றி மட்டும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டில் இந்தியத் தபால் துறை நாய்களுக்கென வெளியிட்ட தபால்தலைகளில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. மாசு மறுவற்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு: இவ்விரண்டுமே உயர்ந்த குட்டிக்கு லட்சணம் என்று வாங்குவோர் கேட்க, விற்போரும் அதற்கேற்பவே இணை சேர்த்து வந்தார்கள். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்செவி பழுதின்றி இயங்குவதற்கும் அவசியமானவை. வெண்மைக்காகவே இணை சேர்க்கும்போது சில குட்டிகளுக்கு நேர்வதுபோல் அவை அங்கே இல்லாமற்போனால், பிறந்த சில வாரங்களிலேயே குட்டியின் செவிப்புலன் அழிந்துவிடுகிறது. புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களிடமும் இதே குறை காணப்படுகிறது. கண்ணுக்கு அழகென்று நாம் எதை விரும்பினோமோ, அதற்கான விலையை அந்தப் பிராணி தன் காதால் செலுத்துகிறது.

என் தமக்கையின் வீட்டில் அப்படி ஒரு நாய் இருந்தது. கூப்பிட்டால் வராது; அதட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறெங்கோ பார்க்கும்; தூங்கும்போது தொட்டால் சீறிக் கடிக்க வரும். திமிர் என்றார் அத்தான், பிரம்பும் வந்தது. ஏதோ தடுப்பூசிக்காக அழைத்துப்போன இடத்தில், கால்நடை மருத்துவர் அதன் பின்புறம் நின்று ஓர் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட, அறையில் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டார்கள். நாய் மட்டும் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு தமக்கை கைச்சாடைகளைப் பழக்கினாள். அது தூங்கும் இடத்துக்குப் போகுமுன் தரையைக் காலால் தட்டி அதிர்வை அனுப்பக் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். அதனால் அது சாதுவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். திடுக்கிட்டால் கடிக்கும் வழக்கம் கடைசிவரை போகவில்லை. கோபம் மட்டும் வீட்டைவிட்டுப் போயிற்று. அத்தான் அந்தப் பிரம்பை எங்கே போட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

பரம்பரையே எல்லாவற்றையும் நிர்ணயித்துவிடுகிறது என்று இதனால் நான் சாதிக்க வரவில்லை. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, நாய்க்கு நாய் காணும் நடத்தை வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்று கண்டது; சொல்லுக்குக் கட்டுப்படும் தன்மையை இனம் ஓரளவு முன்னுரைக்க, எளிதில் சீற்றம் கொள்ளுமா என்பதைப் பற்றி அது அநேகமாக ஒன்றுமே சொல்வதில்லையாம். மத்திய அரசு 2024ஆம் ஆண்டில் இருபத்துமூன்று இனங்களை மூர்க்கமானவை என்று பட்டியலிட்டுச் சுற்றறிக்கை அனுப்பியதும், அதே ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்ததும் நினைவிருக்கலாம். நாயின் குணத்தில் குட்டிப் பருவத்துக்கும் பெரும் பங்குண்டு. ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விவரித்தபடி, பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையில் குட்டி யாரைக் காண்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அவற்றையே பிற்காலத்தில் அச்சமின்றி ஏற்கிறது. அந்த வாரங்களைக் கூண்டில் தனியே கழித்த குட்டியைத்தான் பலர் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். ஆகவே ஜாதகம் பார்ப்பதுபோல் இனத்தைப் பார்த்துப் பொருத்தம் சொல்வதில் ஓரளவுக்கு மேல் சாரமில்லை. இனத்தைக் கொண்டு நாயின் கால்கள் எதற்குத் துடிக்கும் என்று ஊகிக்கலாம். அது யாரை நம்பும் என்று ஊகிக்க முடியாது.

சங்கடமான நாய் ஒன்று வீட்டுக்கு வந்த பின் குடும்பமே வேறு குடும்பமாகிவிடுகிறது. விருந்தினர் வருகை குறைகிறது. கதவைத் திறக்குமுன் எல்லோரும் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்க்கிறார்கள். தெருவில் யாரும் நடமாடாத விடியற்காலையும் பின்னிரவும் உலாவும் நேரங்களாகின்றன. இவ்வளவையும் அன்பின் பொருட்டுச் சகித்துக்கொள்ளலாம். ஆனால் நம் அன்பு நமக்கும் நாய்க்கும் இடையிலுள்ள விவகாரம். கடிபட்ட அண்டைவீட்டுக் குழந்தைக்கு அதில் பங்கில்லை. வாய்மூடி அணிவிப்பதை நாய்க்கு அவமானம் என்று கருதுகிறவர்கள், அந்த அவமானம் உண்மையில் யாருடையது என்று யோசிப்பது நல்லது.

சமாளிக்க முடியாதபோது, ஊரில் தோட்டத்தில் விட்டுவிட்டோம், அங்கே சுகமாக இருக்கிறது என்று சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட தோட்டங்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பம்புசெட் அறையின் ஓரத்தில் இரண்டு கஜச் சங்கிலியில் அந்தச் சுகம் கட்டுண்டு கிடந்தது. உண்மையாகவே நிலமும் நேரமும் உள்ள ஒருவரிடம் வேட்டை நாயை ஒப்படைப்பது வேறு. அதை நான் குறை சொல்லமாட்டேன், சில சமயம் அதுவே தர்மம்.

இப்போதெல்லாம் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குட்டியே வேண்டாம், இரண்டு வயதைத் தாண்டிய நாட்டு நாய் ஒன்றை, அதைக் கொஞ்ச நாளாகப் பராமரித்து வரும் ஒருவரிடமிருந்து, குழந்தைகளோடும் பூனையோடும் இடிச் சத்தத்தோடும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று விசாரித்து அழைத்து வாருங்கள், குட்டியிடம் நாம் ஊகிக்க வேண்டிய குணம், வளர்ந்த நாயிடம் கண்ணெதிரே நிற்கிறது. வளர்ந்த நாய் பழைய இடத்தை மறக்காது, ஒட்டாது என்று என் தமக்கை இதை ஒப்புக்கொள்வதில்லை. அவள் அனுபவசாலி, அவள் சொல்வதிலும் விஷயம் இருக்கலாம். நண்பர்களோ மரியாதைக்காகத் தலையசைத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் கைப்பேசியை மறுபடியும் என் பக்கம் நீட்டி, இருந்தாலும் இந்தக் குட்டியைப் பாருங்கள் என்கிறார்கள்.