எரிந்த விளக்கு, ஒலிக்காத மணி

வேலையில் எனக்கு ஒரு எச்சரிக்கை வரும். சர்வர் தடுமாறினால் நடுராத்திரியில் போன் அலறும். காரணமே இல்லாமல் பலமுறை அலறியதால் ஒருநாள் அதை ம்யூட் பண்ணிவிட்டேன். அடுத்த வாரம் நிஜமாகவே உடைந்தது. மேனேஜர் கேட்டார். "எனக்குத் தெரியாது சார்" என்றேன். பொய் இல்லை. ஆனாலும் உறுத்தியது.

ஒரு சிறை மரணத்தைப் பற்றி வாசித்தபோது அந்த உறுத்தல் திரும்பி வந்தது. 1994 நவம்பர் 28, இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்ட் சிறை. விசாரணைக் கைதியாக வந்த கிறிஸ்டோஃபர் எட்வர்ட்ஸ் மனநலச் சிக்கல் உள்ளவர். இடமில்லை என்று அவருடைய அறையிலேயே ரிச்சர்ட் லின்ஃபோர்டையும் அடைத்தார்கள். லின்ஃபோர்டின் மனநோயும் வன்முறையும் மருத்துவர்களுக்கும் போலீசுக்கும் தெரிந்தவை. அந்தத் தகவல் சிறைக்கு முழுதாக வந்து சேரவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அறையிலிருந்து யாரோ அழைப்புப் பொத்தானை அழுத்தினார்கள். வெளியே பச்சை விளக்கு எரிந்தது. காவலர் வந்தார். லைட்டை அணைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். விளக்கோடு சேர்ந்து ஒலிக்க வேண்டிய மணி ஒலிக்கவில்லை என்பதையும் அவர் கவனித்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு கதவு இடிபடும் சத்தம் கேட்டு ஒரு காவலர் ஓடிவந்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எட்வர்ட்ஸ் மிதித்துக் கொல்லப்பட்டிருந்தார்.

பஸ்ஸில் பக்கத்து ஆள் சரியில்லை என்றால் நாம் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவோம். கைதிக்கு வேறு சீட் கிடையாது. ஓடும் கால்களை அரசு பறித்துக்கொண்டது என்றால் பார்க்கும் கண்களை அதுதான் தரவேண்டும். கைதியைக் காக்கும் கடமை கருணையில் பிறந்ததில்லை, அது பூட்டிய கையின் கடன்.

ஆனால், 'தெரியாது' என்றால்?

அதே 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபார்மர் எதிர் பிரென்னன் வழக்கில் ஒரு பதில் சொன்னது. அதிகாரிக்கு ஆபத்து உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும். 'தெரிந்திருக்க வேண்டியது' என்பது மட்டும் போதாது. வலுவாகச் சந்தேகித்தும் சரிபார்க்க மறுத்தவர் தப்ப முடியாது என்பதையும் சேர்த்துக்கொண்டது. எட்வர்ட்ஸ் வழக்கில் 2002இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு அளவுகோலை எடுத்தது. தெரிந்திருந்தாலும் சரி, தெரிந்திருக்க வேண்டியதானாலும் சரி, பொறுப்பு உண்டு. பிரிட்டன் அவரது வாழும் உரிமையைக் காக்கத் தவறியது என்று தீர்ப்பளித்தது.

முதல் பார்வையில் அமெரிக்கத் தீர்ப்புதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. தெரியாத ஒன்றுக்காக ஒருத்தரை எப்படிக் குற்றம் சொல்வது? பிறகுதான் புரிந்தது, ஐரோப்பிய நீதிமன்றம் பொறுப்பாக்கியது அரசை, அந்தக் காவலரை இல்லை. மனிதனைக் குற்றவாளி என்று சொல்ல அவன் மனதைப் பார்க்கணும். அமைப்புக்கு ஏது மனம்? பதிவேடும் படிவமும் மணிக்கம்பியும்தான் அதன் மனம். அவற்றை அறுந்த நிலையில் விட்டுவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று அரசு சொல்ல முடியாது. 'தெரிந்தால்தான் பொறுப்பு' என்ற விதியை அரசுக்கும் கொடுத்தால், தேடிப் பார்க்காமல் இருப்பதே அதற்கு லாபம்.

சரி, ஒலிக்காத மணியைக் கவனித்த காவலர்? அவருக்குக் கொலை தெரியாது. மணி கெட்டிருப்பது தெரியும். அந்தச் சின்னத் தெரிதலுக்கு ஒரு சின்னக் கடமை இருந்தது: யாரிடமாவது சொல்வது. சொல்லியிருந்தால் எட்வர்ட்ஸ் பிழைத்திருப்பாரா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் இல்லை என்பதால் கடமை இல்லாமல் போய்விடாது.

என் விஷயத்தில் போனது சில மணிநேர சர்வர்தான், உயிர் இல்லை. ஆனாலும் அன்று மேனேஜரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் வேறு: "தெரியாமல் இருக்கும்படி நான்தான் பண்ணினேன் சார்."