நான்தான் இருக்கேனே

நாற்பத்தேழாவது வயதில் நான் ஒரு ஜாக்கி வாங்கினேன். காரைத் தூக்கும் ஜாக்கி. அடியில் சின்னச் சக்கரங்கள் வைத்தது. கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் எழும்பும் டிராலி ஜாக்கி. வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. என் கணவர் மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்: “உனக்கு எதுக்கு அது? நான்தான் இருக்கேனே.”

அந்தக் கேள்வியில் கேலி இல்லை, அன்புதான் இருந்தது. அதனால்தான் பதில் சொல்ல எனக்கு நாளாயிற்று. ‘உன்னால் முடியாது’ என்று சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்பவரிடம் என்ன சொல்வது? நல்ல மனிதர் ஒருவரின் உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அது இல்லாமலும் சமாளிக்க ஒரு பெண் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? அது நன்றிகெட்டதனமா? வெறும் வீம்பா?

நாங்கள் இருப்பது ஆதம்பாக்கத்தில். ஓர் இரவு அம்மாவை வேளச்சேரியில் டாக்டரிடம் காட்டிவிட்டு உள்வட்டச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். பறக்கும் ரயில் தூண்களுக்கு அருகே பின்பக்க டயர் உட்கார்ந்துவிட்டது. மணி ஒன்பதரை. கணவர் வெளியூரில். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும், காரோடு வந்த கத்திரி ஜாக்கியையும் வெளியே எடுத்தேன். ஒன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அந்த ஜாக்கியை அதன் பையிலிருந்து எடுத்தது அன்றுதான். வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருகினேன். அசையவில்லை.

ஸ்கூட்டரில் போன ஒருவர் நின்றார். கால் மணி நேரத்தில் டயரை மாற்றிக் கொடுத்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. கிளம்பும்போது, “சார் வரலையாம்மா? இனிமே ராத்திரில தனியா வராதீங்க” என்றார். அம்மா வழியெல்லாம் அவரை வாழ்த்திக்கொண்டே வந்தார். நானும்தான் வாழ்த்தினேன். ஆனால் உள்ளே ஏதோ சுருங்கிப்போயிருந்தது. உதவி கிடைத்தது. கூடவே ஒரு விதியும் கிடைத்தது, ராத்திரியில் தனியாக வரக் கூடாது என்று. உதவியை வாங்கிக்கொண்ட வாய் அந்த விதிக்குப் பதில் சொல்லவில்லை.

மறுநாள் வீட்டு வாசலில் அதே நட்டைத் திருகிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், நான் மணிக்கட்டால் மட்டும் திருகுகிறேன். ஸ்கூட்டர்காரர் ஸ்பேனரைப் படுக்கைவாட்டில் மாட்டி, உடம்பின் எடை முழுவதையும் அதன் மேல் இறக்கினார். ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்பிள்ளைகள் பந்தை எறியும் விதத்தைப் பற்றியது. ஒரு வேலைக்குப் பெண்கள் முழு உடம்பையும் கொடுப்பதில்லை, கையை மட்டும் கொடுக்கிறார்கள் என்கிறார். தன்னால் முடியும் என்பதையும் முடியாது என்பதையும் ஒரே நேரத்தில் உடம்பு நம்புகிறதாம். இது பிறவிக் குறை இல்லை, வளர்ப்பு கற்றுக்கொடுத்தது என்பது அவர் வாதம். சின்ன வயதில் அப்பா ஸ்கூட்டரைப் பிரித்துப்போட்டு உட்காரும்போது அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். இருவரும் ஒரே வாசலில்தான் இருந்தோம்.

ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். நட்டு கிரீச்சென்று இளகியது.

பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். கார் உதிரிபாகம் வாங்க சென்னையில் எல்லோரும் போகிற இடம் அது. முதல் கடையில், “சார் என்ன வண்டி வச்சிருக்காரு மேடம்?” என்று கேட்டார்கள். நான் வைத்திருக்கிற வண்டியைச் சொன்னேன். “சாரை ஒரு தடவை போன்ல பேசச் சொல்லுங்க” என்றார்கள். அடுத்த கடைக்கு நடந்தேன்.

அங்கே இருந்த பெரியவர் ஒழுங்காகக் கேள்வி கேட்டார். வண்டி எடை எவ்வளவு, எங்கே வைத்துத் தூக்கப் போகிறேன், தரை சிமெண்டா மண்ணா, யார் தூக்கிக்கொண்டு போய் வைப்பது. அவரிடம் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். சின்ன ஹேட்ச்பேக் கார் சுமார் 800 முதல் 1,000 கிலோ இருக்கும். ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கி மேல் அதில் ஒரு பங்குதான் இறங்கும். இரண்டு டன் ஜாக்கி தாராளம். மூன்று டன் இன்னும் திடமானது, ஆனால் அதையே தூக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் வாங்கியதன் நோக்கம் போயிற்று. டன் கணக்கைவிட உயரக் கணக்கு முக்கியம். ஜாக்கி முழுக்க இறங்கிய நிலையில், காற்றிறங்கிய டயரோடு தாழ்ந்து நிற்கும் காரின் அடியில் நுழைய வேண்டும். முழுக்க ஏறிய நிலையில், காற்றடைத்த ஸ்டெப்னி மாட்டுகிற அளவுக்கு வண்டி எழும்ப வேண்டும். இரண்டையும் டேப் வைத்து அளந்துகொண்டு போனால் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

பில் போடும்போது அவர் கேட்டார்: “ஸ்டாண்டு வாங்கலையா? ஜாக்கி தூக்கறதுக்குத்தாம்மா. தாங்கறதுக்கு ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில கையைக் காலை விடாதீங்க.”

ஏன் என்று கேட்டேன். பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டு சொன்ன விதியில்தான் இந்த ஜாக்கி வேலை செய்கிறது. மூடிய எண்ணெயில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும். சின்ன பிஸ்டனைக் கையால் அழுத்தினால், அதைப்போல் பத்து மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டன் பத்து மடங்கு விசையோடு எழும்பும். ஆனால் பத்தில் ஒரு பங்கு தூரம்தான் எழும்பும். அதனால்தான் பலமுறை அடிக்க வேண்டியிருக்கிறது. சரி, எழும்பிய பிறகு காரைப் பிடித்து வைத்திருப்பது எது? உள்ளே அடைபட்ட எண்ணெய். அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும் ஒரு வால்வும். சீல் கசிந்தால் இறங்கும். யாராவது வால்வைத் திருகினால் இறங்கும். ஸ்டாண்டு அப்படியில்லை. இரும்புக் கால், அதில் பல் அல்லது குறுக்கே சொருகிய இரும்பு முளை. அதற்குத் தூக்கத் தெரியாது. நிற்க மட்டும் தெரியும்.

ஜாக்கியையும் இரண்டு ஸ்டாண்டையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது என் கணவரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை எதற்கும் தடுத்ததில்லை. வேலைக்குப் போனேன், கார் ஓட்டக் கற்றேன், அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். இதை நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ‘அவர் தடுத்ததில்லை’ என்ற வாக்கியத்தை ஒருநாள் திருப்பிப் பார்த்தால், தடுக்கும் உரிமை அவரிடம் இருப்பதை நான் ஒப்புக்கொண்டுதான் அதைச் சொல்கிறேன். காரின் ஆர்சி அவர் பெயரில். வீட்டுப் பத்திரம் அவர் பெயரில். வால்வு மூடியிருக்கிறது. அதன் மேல் அவர் கை இருக்கிறது. கை அன்பானது. ஆனால் கை அன்பாக இருக்கிறதா என்று நான் இருபத்திரண்டு வருடமாகக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். குரலை, முகத்தை, அலுவலகத்திலிருந்து வந்த களைப்பை.

பிலிப் பெட்டிட் என்ற அயர்லாந்துத் தத்துவவாதி, 2014இல் வந்த ‘ஜஸ்ட் ஃப்ரீடம்’ நூலில் இப்சனின் நோராவை எடுத்துக்கொள்கிறார். 1879இல் வெளிவந்த ‘ஒரு பொம்மையின் வீடு’ நாடகத்தின் நோரா. கணவன் டோர்வால்டு அவளைச் செல்லமாக வைத்திருக்கிறான். கிட்டத்தட்ட அவள் கேட்டதெல்லாம் நடக்கும். அப்படியானால் அவள் சுதந்திரமானவள்தானா? இல்லை என்கிறார் பெட்டிட். யாரும் குறுக்கே வராமல் இருப்பது மட்டும் சுதந்திரம் ஆகாது. நினைத்தால் குறுக்கே வரும் அதிகாரம் இன்னொருவரிடம் இருக்கக் கூடாது. நல்ல எஜமானனுக்குக் கீழே இருப்பவளுக்கும் எஜமானன் உண்டு. நம் ஊரில் பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில், ஆண்களின் முயற்சியால் பெண்களுக்கு விடுதலை வந்துவிடும் என்ற நம்பிக்கையையே சந்தேகிக்கச் சொன்னார். இருவருக்கும் ஆண் நல்லவனா கெட்டவனா என்பது கேள்வியே இல்லை. பாரம் எதன் மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு மறுப்பு வரும். எதையும் யாரையும் நம்பாமல் வாழ முடியுமா? ஸ்டாண்டை மட்டும் நம்பலாமா? நம்ப முடியாதுதான். 2020இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடை நிறுவனம், பாரத்தோடு நழுவி இறங்கிவிடும் ஆபத்து இருந்ததால் லட்சக்கணக்கில் விற்ற ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. மாற்றாக வாங்கிக்கொள்ளச் சொன்னவற்றிலும் ஒரு மாடலில் பற்றவைப்புக் குறை இருந்து, அதையும் திரும்பப் பெற்றது. ஆகவே ஸ்டாண்டு வைத்த பிறகும் வண்டியைத் தள்ளி ஆட்டிப் பார்க்க வேண்டும், ஜாக்கியையும் லேசாகத் தொட்டபடி விட்டுவைக்க வேண்டும், கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவைக்க வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று.

எங்கள் பகுதியிலும் நங்கநல்லூர், வேளச்சேரிப் பக்கமும் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவதைப் பார்க்கலாம். ரோடு போடப் போட ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிறது, மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது. அஸ்திவாரத்துக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைச் சொருகி, எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். எழும்பிய இடைவெளியில் செங்கல் கட்டுவார்கள். கட்டிடம் செங்கல் மேல் உட்கார்ந்த பிறகு ஜாக்கி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். யாரும் ஜாக்கி மேல் குடியிருப்பதில்லை. தூக்கிவிட ஆள் வேண்டும், அதில் வெட்கமில்லை. தூக்கிய உயரத்தில் செங்கல் கட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் ஆபத்து. என் பெயரில் ஒரு ஆர்சி, என் பெயரும் சேர்ந்த ஒரு பத்திரம், என் கைக்கு வசப்பட்ட ஒரு வேலை, இவை செங்கல்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முடிக்க விடாமல் ஒரு காட்சி வந்து நிற்கிறது.

போன மாதம் பிரேக்கில் சத்தம். தெருமுனை மெக்கானிக் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். பின்பக்கத்தைத் தன் ஜாக்கியால் தூக்கினான், முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல் அணை வைத்தான், அட்டையை விரித்து மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். மார்பு வரை உள்ளே போய்விட்டது.

“தம்பி, வெளிய வா” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“நிக்கும்க்கா. தினம் இப்படித்தான்.”

“வா வெளிய. ஸ்டாண்டு வச்சுட்டுப் படு.”

ஸ்டாண்டு வைத்தோம். அவன் சிரித்தபடி வேலையை முடித்தான். எனக்குத்தான் கை நடுங்கியது. ஒன்பது வருடமாக இதே வாசலில் இதே மாதிரிப் பையன்கள் என் காருக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். நான் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன், தம்பி என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர்கள் மார்புக்கு மேல் எது நிற்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அவமானமாக இருந்த அதே நேரத்தில் வசதியாகவும் இருந்திருக்கிறது. ‘நான் நல்ல மாதிரி நடத்துகிறேன்’ என்று நான் நினைத்ததும், ‘நான்தான் இருக்கேனே’ என்று அவர் சொன்னதும் ஒன்றுதான். அவனுக்கு என் அன்பு போதாது. ஸ்டாண்டு வேண்டும்.

‘இனி யாருடைய உதவியும் எனக்கு வேண்டாம்’ என்பதற்காக நான் ஜாக்கி வாங்கினேன் என்றால் அது பாதி வேலை. எனக்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் அது பயன்பட வேண்டும்.

இப்போது ஜாக்கி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் டயர் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். சமதரை, ஹேண்ட்பிரேக், கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு அணை, தூக்கும் முன்பே நட்டை இளக்குவது, காரின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கி. ஆர்சியை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் போட்டாயிற்று. கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “இதெல்லாம் வேணுமா?” என்று கேட்டார். வேணும் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பருக்குக் கொடுக்க ஜாக்கியைக் கேட்டார். “ஸ்டாண்டையும் சேர்த்துத்தான் தருவேன்” என்றேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.