அரிசிப் பையும் ரேடியோ திருகும்



பகல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து, சாயங்காலம் ரேடியோவைத் திருகின காலம் ஞாபகமிருக்கிறதா? சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா வானொலியின் தமிழ்ச் சத்தம் சிற்றலையில் ஏறி இறங்கி வரும். அதே கோபுரங்களிலிருந்து அரபியிலும் உருதுவிலும் சுவிசேஷம் போனது. ஊழியர் கால் வைக்க முடியாத தேசங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 1970ல் தொடங்கிய அந்தத் தீவு ஒலிபரப்பு 2003ல் நின்றது.

அடுத்த வருஷம், 2004 டிசம்பர் 26ந் தேதி, நம் கடலூர் மாவட்டக் கரையைச் சுனாமி அடித்தது. நாங்கள் சிலர் வேனில் அரிசியும் பாயும் சேலையும் ஏற்றிக்கொண்டு ஒரு குப்பத்துக்குப் போனோம். ஒவ்வொரு அரிசிப் பைக்குள்ளும் ஒரு கைப்பிரதி வைத்தவன் நான்தான். ஒரு தாயார் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இதையும் வாங்கிக்கிட்டாத்தான் அரிசி குடுப்பீங்களா?" என்று கேட்டார்கள். "அப்படியில்லம்மா" என்றேன். ஆனாலும் அந்தம்மா அதைத் திருப்பித் தரவில்லை. பயந்துபோய் மடியில் சொருகிக்கொண்டார்கள். அந்தப் பயம் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அதே நாட்களில் பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார், வீடிழந்த இந்து மீனவ ஜனங்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். எங்கள் வேன் போகுமுன்னே அங்கே அடுப்பு எரிந்தது. யாரிடத்தில் நான் பாடம் படிக்கவேண்டியிருந்தது பாருங்கள்!

ஆப்கானிஸ்தானையும் யோசித்துப் பார்த்தேன். 2001 ஆகஸ்டில் ஷெல்டர் நௌ என்ற நிவாரண அமைப்பைச் சேர்ந்த எட்டு அந்நியரை, மதப் பிரசாரம் செய்தார்கள் என்று தாலிபான்கள் சிறைபிடித்தார்கள். நவம்பரில் அவர்கள் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய தைரியத்தைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் அவர்களிடம் வேலைபார்த்த 16 ஆப்கானியரும் கைதானார்களே! அவர்களுக்குத் திரும்பிப்போக வேறு ஊர் ஏது?

ஒரு சகோதரர் கேட்பார்: "வயிறு நிரம்பி ஆத்துமா நஷ்டப்பட்டால் என்ன பிரயோஜனம்? சொல்லாமல் வந்தால் அது அன்பா?" நியாயமான கேள்வி. நானும் அதையே சொல்லித்தான் பிரதி வைத்தேன்.

ஆனால் பிரியமானவர்களே, ரேடியோவுக்கு ஒரு திருகு உண்டு. பிடித்தால் கேட்பான், பிடிக்காவிட்டால் அணைத்துவிடுவான். ஒருவனும் அவனைக் கட்டாயப்படுத்த முடியாது. பசிக்கு அந்தத் திருகு இல்லை. பிள்ளை அழும்போது கை நீட்டுகிறவள் எதற்கும் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல் விசுவாசமாகுமா? செஞ்சிலுவைச் சங்கமும் மற்ற நிவாரண அமைப்புகளும் 1994ல் வகுத்த நடத்தை விதியும், எந்த மதக் கருத்தையும் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

நம் ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார், அந்த வேதனை அவருக்கு இருந்தது. ஆனாலும் அவர்கள் பெற்ற சுகத்தை அவர் பிடுங்கிக்கொள்ளவில்லையே!

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதா? இல்லை. கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்றுதானே பேதுரு எழுதினார். "ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று ஒருவர் கேட்டால், இயேசுவின் நாமத்தை வெட்கப்படாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து முழங்காலில் நில்லுங்கள். வேலை செய்கிறவர் பரிசுத்த ஆவியானவர்.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்து, நம் நெய்வேலியில் மரங்களெல்லாம் சாய்ந்து கிடந்தபோது மறுபடி அரிசி கட்டினோம். இந்தமுறை பைக்குள் அரிசி மட்டும் இருந்தது. ஒருவர் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். மற்றவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்காக இன்னும் ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆமென்.