குடியை விட்டவர் வீட்டில் திருநாள்

திருநாள் நெருங்கிவிட்டது. மூங்கிலும் வைக்கோலும் வந்து இறங்கி, பிள்ளைகள் குடில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். தையற்காரரிடம் துணி கொடுத்தாயிற்று. பலகாரத்துக்கு மாவு அரைத்தாயிற்று. இந்தச் சந்தடிக்கு நடுவே எந்தப் பங்கிலும் சில வீடுகளில் மட்டும் ஒரு பயம் இருக்கும். அந்த வீட்டில் குடியை விட்ட ஒருவர் இருக்கிறார். விட்டு மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகிறது. வீட்டார் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. “திருநாள் போகட்டும், பார்க்கலாம்” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். விழுப்புரம் ரயில் சந்திப்புக்கு அருகிலோ, திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலோ அது இருக்கட்டும். கணவர் கொத்தனார். இதற்கு முன் மூன்று முறை குடியை விட்டு, மூன்று முறையும் திரும்பப் போனவர். ஒரு முறை பிள்ளையின் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தார். இன்னொரு முறை மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்தார். இப்போது நாலாம் முறையாக நிறுத்தியிருக்கிறார். அவருடைய மனைவி பங்குச் சாமியாரிடம் வந்து கேட்கிறாள்: “இந்த ஆளை நம்பறதா வேணாமா சாமி? நம்பலன்னா எனக்குப் பாவம் வருமா?”

சிரிக்கத்தக்க கேள்வியன்று. திருநாள் பிரசங்கத்தில் இதற்கு எளிதாய் ஒரு விடை கிடைத்துவிடும்: “பாலன் பிறந்துவிட்டார், நம்பிக்கையோடிருங்கள்” என்று. அது மெய்தான். ஆனால் சம்பளப் பணத்தை அவர் கையில் கொடுப்பதா, அரிசிப் பானைக்கு அடியில் ஒளிப்பதா என்று தவிக்கும் அந்த அம்மாளுக்கு அது போதாது.

நம் தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. கடன் கொடுக்கிறவன், “இவன் திருப்பித் தருவான் என்று எனக்கு நம்பிக்கை” என்கிறான். நோயாளியின் தாயும், “என் பிள்ளை பிழைப்பான் என்று எனக்கு நம்பிக்கை” என்கிறாள். சொல் ஒன்று, பொருள் இரண்டு. கடன் கொடுப்பவனின் நம்பிக்கை பழைய கணக்கைப் பார்த்துப் பிறப்பது. அந்தக் கணக்கைப் பார்த்தால் நம் கொத்தனாரை யாரும் நம்பமாட்டார்கள்; நம்பாதது பாவமும் ஆகாது. தாயின் நம்பிக்கையோ வேறு வகை. நம் பாட்டிமார் ஞானோபதேசத்தில் மனப்பாடமாய்ச் சொன்ன செபங்கள் நினைவிருக்கிறதா? விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று அவற்றுக்குப் பெயர். நம்பிக்கை முயற்சி! இந்தப் பெயரை வைத்தவர் யாரானாலும் விஷயம் தெரிந்தவர். நம்பிக்கை என்பது மனத்தில் தானாய் ஊறுகிற இதமான உணர்ச்சியாயிருந்தால் அதற்கு முயற்சி எதற்கு?

ஆகவே அந்த அம்மாள் பணத்தை ஒளித்து வைக்கலாம். அதே சமயம் நம்பிக்கையும் வைக்கலாம். ஒன்றுக்கொன்று விரோதமில்லை. இதைக் கணவரும் புரிந்துகொள்ள வேண்டும். “மூணு மாசமாச்சு, இன்னும் என்மேல சந்தேகமா?” என்று கோபித்துக்கொள்வோர் உண்டு. அவர்கள் மாட் டால்பட் என்ற டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளியின் சரித்திரத்தைக் கேட்கட்டும்.

அவர் 1856-ல் பிறந்தார். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போன இடமே மது வியாபாரக் கம்பெனி. அங்கே பிடித்த குடி ஏறக்குறைய பதினாறு வருஷம் அவரை ஆட்டி வைத்தது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைத் திருடியும் குடித்தார். 1884-ல் ஒரு நாள் கையில் காசில்லாமல் மதுக்கடைக்கு வெளியே நின்றார். தம் காசில் குடித்த தோழர்கள் ஒருவராவது ஒரு கோப்பை வாங்கித் தருவார்கள் என்று எதிர்பார்த்தார். எல்லாரும் பேசாமல் கடந்து போனார்கள். அன்றே வீட்டுக்குத் திரும்பி, குடிக்கமாட்டேனென்று பிரதிக்கினை எடுக்கப்போவதாகத் தாயிடம் சொன்னார். தாய் துள்ளிக் குதிக்கவில்லை. கடைப்பிடிக்கிற எண்ணமிருந்தால் மட்டும் போ என்றாள். பாவம், அவள் கணவனும் குடித்தவன், பிள்ளைகளில் பலரும் குடித்தவர்கள். எத்தனை பிரதிக்கினைகளைப் பார்த்திருப்பாளோ!

அவர் குருவானவரிடம் போய் எடுத்த பிரதிக்கினை ஆயுசு முழுவதற்கும் அல்ல, மூன்று மாதத்திற்குத்தான். அது முடிந்தபின் ஆறு மாதம். அதற்குப் பிறகே ஆயுசுக்கும். இடையில் ஒரு நாள் சபலம் மேலிட்டு மதுக்கடைக்குள் நுழைந்தே விட்டார், கடைக்காரன் அவரைக் கவனிக்கவில்லை, வெளியே வந்துவிட்டார். அன்றுமுதல் சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு நடப்பதையே விட்டார். பார்த்தீர்களா? தம்மைத் தாமே நம்பவில்லை அவர். தம்மை நம்பாததால்தான் நாற்பது வருஷத்துக்குமேல் ஒரு சொட்டும் தொடாமலிருந்தார் என்றுகூடச் சொல்லலாம். பிடில்காரனை வெகு காலம் தேடினார், அகப்படவில்லை, அந்தப் பணத்தை அவனுக்காகப் பூசைக்குக் கொடுத்தார். 1925 ஜூன் 7-ம் தேதி பூசைக்குப் போகும் வழியில் தெருவிலேயே விழுந்து மரித்தார். 1975-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

குடி பாவமா, நோயா என்று சிலர் வாதிடுகிறார்கள். முதல் கோப்பையை எடுத்தபோது அது அவர் இஷ்டமாயிருந்தது. நூறாவது கோப்பையில் இஷ்டம் பாதியாகிவிட்டது. ஆயிரமாவதில் எவ்வளவு மிஞ்சியது என்பதைச் சர்வேசுரன் ஒருவரே அளக்க முடியும். பழக்கத்தின் வலிமை குற்றத்தின் பாரத்தைக் குறைக்கும் என்று நம் ஒழுக்க சாஸ்திரமும் சொல்கிறது. அமெரிக்க வைத்தியர் சங்கம் 1956-லேயே இதை நோய் என்று ஒப்புக்கொண்டது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர் வைத்தியரிடமும் போகட்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று நினைக்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் மிதமிஞ்சிக் குடித்தவரைத் திருநாளை முன்னிட்டு, “இன்றோடு நிறுத்து” என்று அறையில் பூட்டி வைக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. திடீரென்று நிறுத்தினால் இரண்டொரு நாளில் கைகால் நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் சித்தப்பிரமை எல்லாம் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் காட்டி, வைத்தியர் மேற்பார்வையில் நிறுத்துவதே சரி. யோசனை கேட்க 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. பஸ் நிலையச் சுவர்களில், “குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்” என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். சோற்றில் ரகசியமாய் மருந்து கலப்பது உடலுக்கும் கெடுதி, அதைவிடப் பெரிய கெடுதி வேறொன்று: அவருடைய மனத்தை ஒரு பொருட்டாகவே எண்ணாமல், வீட்டுச் சோற்றையே அவர் சந்தேகிக்கும்படி செய்துவிடுகிறோம்.

திருநாளுக்கு வருவோம். பெத்லெகேமில் நிறை கர்ப்பிணியான தேவமாதாவுக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. குடிநோயாளிக்கும் வெகு காலம் ஆஸ்பத்திரியில் இடமில்லாமலிருந்தது. குடிகாரனுக்குக் கட்டில் கொடுத்தால் மற்ற நோயாளிகளுக்கு எங்கே போவது என்றார்கள். 1935-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் டாக்டர் பாப் என்ற வைத்தியர். அவரும் குடித்து மீண்டவரே. அவர் 1939-ல் அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் சேர்க்கை வேலை பார்த்த இக்னேசியா என்ற கன்னியாஸ்திரியிடம் ஒரு நோயாளியைக் கொண்டுவந்தார். வெளிப்படையாய்ச் சேர்த்தால் மறுப்பு வரும் என்று வயிற்று உபாதை என்று எழுதிச் சேர்த்தார்கள். தனியறை வேண்டுமென்றபோது அறை எதுவும் காலியில்லை. பூச்செண்டுகளைக் கட்டி வைக்கும் சின்ன அறைக்குள் கட்டிலைத் தள்ளி அவரைப் படுக்க வைத்தார் அந்தச் சகோதரி. அந்தப் பூ அறையில் ஆரம்பித்து, பின் வந்த வருஷங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அவர் கையால் சிகிச்சைக்குச் சேர்ந்தார்கள். சங்கமும் 1957-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர் வளர்ந்த மனிதராய் வரவில்லை, குழந்தையாய் வந்தார். இது நாம் அடிக்கடி கேட்டுக் கேட்டு மரத்துப்போன விஷயம். குழந்தை என்றால் என்ன? தொடங்கியிருக்கிறது, இன்னும் ஒன்றும் முடியவில்லை என்று அர்த்தம். பால் வேண்டும், கதகதப்பு வேண்டும், ராத்திரி கண் விழிக்க ஆள் வேண்டும். சம்மனசுகள் பாடிவிட்டுப் போன பிறகு ஏரோதின் சேவகர் வந்தார்கள். அர்ச். சூசையப்பர், “இவர் தேவகுமாரனாயிற்றே, தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார்” என்று தூங்கவில்லை. நடு ராத்திரியில் எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். மூன்று மாதமாய்க் குடிக்காதிருப்பவரின் மனவுறுதியும் கைக்குழந்தைதான். பச்சைக் குழந்தையை வீட்டில் தனியே விட்டுவிட்டு யாராவது பண்டிகைக்குப் போவார்களா?

நாம் விட்டுவிட்டுத்தான் போகிறோம். வருஷத்தில் அவருக்கு மிகவும் ஆபத்தான நாள் எது என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: கிறிஸ்துமஸ். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மச்சான்மார் பையில் பாட்டிலோடு வந்து இறங்குகிறார்கள். “பண்டிகைக்கு ஒரு நாள்தானே, மாமா” என்கிறார்கள். காந்தி ஜயந்திக்கு மூடும் மதுக்கடை நம் திருநாளன்று மூடுவதில்லை. சட்டம் நம்மைக் காக்கும் என்று நம் பகுதியார் எக்காலமும் இருந்துவிட முடிந்ததில்லை. ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. ஆனால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பக்கத்திலேயே, 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி திறந்தே கிடந்தது. மதுவிலக்கை 1971-ல் எடுத்தார்கள், 1974-ல் மறுபடி கொண்டுவந்தார்கள், 1981-ல் தளர்த்தினார்கள். 2003 முதல் சில்லறைக் கடைகளை அரசாங்க நிறுவனமே நடத்துகிறது. இது சரியா என்பது தனியே விவாதிக்க வேண்டியது. சரியல்ல என்பதே என் அபிப்பிராயம். கடை போதாதென்று கள்ளச் சாராயம் வேறு. மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் 10 பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூன் மாதம் 60 பேருக்கு மேல். சட்டம் எழுந்தும் விழுந்தும் போகிற ஊரில், வீட்டு வாசற்படிதான் கடைசி வேலி.

“ஒருத்தருக்காகப் பத்துப் பேர் ஏன் பண்டிகையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? எங்களுக்கு அளவு தெரியும்” என்று மச்சான் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அளவோடு குடிப்பது பாவமென்று திருச்சபை சொன்னதுமில்லை, கானாவூர்க் கலியாணத்தையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் இதே வழக்கைத் தீர்த்து வைத்திருக்கிறார். தனக்குத் தடையில்லாத இறைச்சியையும் ரசத்தையும், சகோதரன் இடறி விழுவானென்றால் விட்டுவிடுவதே நல்லது என்பது அவர் தீர்ப்பு. பலமுள்ளவன்தான் விட்டுக்கொடுக்க முடியும். பலவீனனிடம் போய் விட்டுக்கொடு என்பது எப்படி? “எனக்கு அளவு தெரியும்” என்கிறவருக்கு ஒரு திருநாள் பாட்டிலில்லாமல் கழிவது பெரிய கஷ்டமாயிருக்கக் கூடாது. கஷ்டமாயிருக்கிறதென்றால், அளவு தெரியும் என்றது மெய்தானா என்று அவரும் யோசிக்கட்டும்.

இவ்வளவு காவலுக்குப் பிறகும் அவர் விழுந்துவிட்டால்? விழக்கூடும். எல்லாரும் மீளுவதில்லை, இதை மறைத்துச் சொல்லும் ஆறுதல் நமக்கு வேண்டாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் இளம் வயதிலேயே கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தார். அவருடைய கணவர் பிழைக்கவில்லை. அவர் 1980-ல் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் மற்றவர்களுடைய கணவன்மார் பிழைத்தார்கள். அவர் வைத்த நம்பிக்கை வீண் போயிற்றா? எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. நம் கொத்தனாரின் மனைவிக்கும் இதையே சொல்வேன்: அவர் மறுபடி குடித்து வந்து கையை ஓங்கினால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது நம்பிக்கைத் துரோகமாகாது. சூசையப்பரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனவர்தாமே. போன இடத்திலிருந்து அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம், அதற்குத் தடையில்லை.

திருநாள் வரச் சில நாட்களே இருக்கின்றன. வெளியூர் மச்சானுக்கு இன்றே போன் செய்து, பாட்டில் வேண்டாம், கேக் மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். கேக்கிலும் ரம் இல்லாததாய்ப் பார்த்து வாங்கட்டும். குடிலுக்கு விளக்குப் போடும் வேலையை அவரிடம் கொடுங்கள்; கொத்தனார் கைக்கு அது சின்ன வேலை, ஆனால் மாலை ஆறு மணிமுதல் பத்து மணிவரை அவருக்கு ஒரு வேலை இருக்கும், கடை மூடும் நேரமும் அதுதான். நடுச்சாமப் பூசைக்குக் குடும்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்காருங்கள். பூசை முடிந்ததும் வாலிபர்கள் கோயில் வாசலில் கூடி நின்று, “வாங்கண்ணே, கொஞ்சம் அப்படிப் போயிட்டு வரலாம்” என்பார்கள். அந்த நேரத்தில் அவர் தோளில் கைபோட்டு வீடுவரை பேசிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டும். தம்பியோ, மூத்த மகனோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாரென்று இந்த ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள்.